திங்கட்கிழமைக் குறிப்புகள்

மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலியாள் பிடிக்கிற கதை வருகிறது. இதன் மேல் நான் கேட்ட பிரசங்கங்கள் எல்லாமே தொடங்கிய சற்று நேரத்தில் பரலோகத்துக்கு ஏறிவிடும். முந்தினவர் யூதர், பிந்தினவர் புறஜாதியார், சாகக்கிடக்கையில் மனந்திரும்புகிறவனுக்கும் அங்கே இடமுண்டு என்பார்கள். இருக்கட்டும். கதை நடப்பது கடைத்தெருவில். விடியற்காலையில் ஒருவன் ஆள் எடுக்க வருகிறான், கூலி பேசி முடிக்கிறான், கூட்டிக்கொண்டு போகிறான்.

அந்தக் கடைத்தெரு நம் ஊர்களில் இன்றும் இருக்கிறது. மதுரையோ திருப்பூரோ பாளையங்கோட்டையோ, ஏதாவது ஒரு முக்கில் காலை ஆறரைக்குக் கட்டட ஆட்கள் வந்து நிற்பார்கள். கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு போட்ட பையோடு வருகிற கொத்தனார் ஏழு மணிக்குள் போய்விடுவார். அடுத்து, தோள் அகன்ற பையன்கள். ஒன்பது மணிக்கு மேலும் நிற்பவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். தலை நரைத்தவர்கள், இருமுகிறவர்கள், மேஸ்திரிக்கு முகம் தெரியாத வெளியூர்ச் சித்தாள்கள். நாலு மணிக்கு எழுந்து பொங்கிய சோறு தூக்குவாளியில் இருக்கும். இனி யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்ததும் அதை அங்கேயே கடை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். வீட்டில் போய்ச் சாப்பிடலாமே என்று கேட்கத் தோன்றும். வேலை கிடைக்காத நாளில் சோற்றுவாளியைத் திறக்காமல் தெருவுக்குள் கொண்டுபோவது எப்படிப்பட்ட காரியம் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

கதையில் தோட்டக்காரன் சாயங்காலம் ஐந்து மணிக்கும் ஆள் தேடி வருகிறான். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்றால், எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். இவர்களைச் சோம்பேறிகள் என்று பிரசங்கித்த ஒருவரைக் கேட்டிருக்கிறேன். அவர் எந்த முக்கிலும் நின்றதில்லை போலும். ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் முழுக் கூலி கிடைக்கிறது. காலையில் வந்தவன் முறுமுறுக்கிறான். நேரக் கணக்குப்படி அவன் சொல்வது நியாயம்தான். ஆனால் அரிசிக் கடையில் ஒரு மணி நேரக் கூலிக்காரனுக்கென்று தனி விலை கிடையாதே. தோட்டக்காரன் போட்டது அடுப்படிக் கணக்கு.

*

கூலி பற்றி இன்னொன்று. ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது அடையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் கறாராகச் சொல்கிறது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடும் என்கிறது யாக்கோபு நிருபம். கட்டட வேலையில் சனிக்கிழமைதான் சம்பள நாள். கோயில் கட்டுகிற இடத்தில் சனிக்கிழமைச் சம்பளம் ஒருமுறை தள்ளிப்போனால், மறுநாள் காலை அதே இடத்தில் நாம் எந்தப் பாட்டைப் பாடுவது?

இடையன்குடிக் கோயிலை கால்டுவெல் 1847-இல் தொடங்கினார், 1880-இல்தான் முடிந்தது. 33 ஆண்டுகள். அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தபோது சுவர்கள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன. முதல் வருடம் சாந்து சுமந்த பிள்ளை கடைசி வருடம் பேரன் பார்த்திருப்பாள். நம் கோயில்களின் சலவைக்கல்லில் பேராயர், சேகர குரு, செயலாளர், பொருளாளர், கமிட்டி உறுப்பினர்கள் என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். கொத்தனார் பெயர் போட்ட கல்லை நான் எங்கும் பார்க்கவில்லை. அந்தக் கல்லைப் பதித்தவரே அவர்தான்.

*

எங்கள் பக்கம் ஷேர் ஆட்டோக்களின் பின்கண்ணாடியைப் படித்துக்கொண்டே போனால் பழைய ஏற்பாட்டில் பாதி முடிந்துவிடும். எபிநேசர், பெத்தேல், எல்ஷடாய், யெகோவாயீரே. கடைசிப் பெயருக்கு ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று பொருள், மகனைப் பலியிட ஏறிய மலையில் புதருக்குள் ஆட்டுக்கடா சிக்கியிருப்பதைக் கண்ட பிறகு ஆபிரகாம் அந்த இடத்துக்கு வைத்தது. ஒரு யெகோவாயீரேயில் ஏறியபோது கேட்டேன், “வண்டி வாங்கும்போதே இந்தப் பேரு எழுதுனதா தம்பி?”

“இல்ல அண்ணாச்சி. டியூ கட்டி முடிச்ச அன்னிக்கு எழுதுனது.”

வேத பாடக் கல்லூரியில் இதைவிடச் சரியாகச் சொல்லித்தர முடியாது.

*

டோரதி சேயர்ஸ் துப்பறியும் நாவல் எழுதிப் பெயர் வாங்கிய ஆங்கிலேயப் பெண்மணி. போர்க்காலத்தில், 1942-இல், வேலையைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அதில் ஒரு தச்சனைப் பற்றிப் பேசுகிறார். குடிக்காதே, ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காகக் கோயிலுக்கு வா என்று திருச்சபை அவனுக்குச் சொல்கிறது. நல்ல மேசை செய்வதுதான் உன் மார்க்கம் உன்னிடம் முதலில் கேட்பது என்று ஏன் சொல்வதில்லை என்பது அவருடைய கேள்வி. நாசரேத்தூர்ப் பட்டறையிலிருந்து கோணல் கால் மேசை வெளியே போயிருக்காது என்று அவர் உறுதியாக நம்பினார்.

எனக்கு இந்த உரை பிடிக்கும். ஒரு குறையும் உண்டு. சேயர்ஸ் தன் வேலையை ரசித்துச் செய்தவர். தச்சனுக்கும் மேசை முடிந்ததும் கையை வைத்துத் தடவிப் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸில் நாள் முழுக்கக் குச்சி அடுக்குகிறவளுக்கு எதைத் தடவிப் பார்க்கச் சொல்வது?

அவளோடு பேசக்கூடியவர் பதினேழாம் நூற்றாண்டு பாரிஸில் கார்மேல் சபை மடத்தில் சமையல்கட்டில் இருந்த சகோதரர் லாரன்ஸ். பாத்திரம் கழுவும்போதும் தேவனோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதற்காக அவரை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அடுப்படி வேலை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது என்பதை அநேகர் விட்டுவிடுகிறார்கள். முன்பு போர்வீரர், கால் ஊனம் வேறு. பிறகு செருப்புத் தைக்கிற பக்கம் மாற்றினார்கள். பிடிக்காத வேலையில் பதினைந்து வருடம் இருந்தவர் என்று தெரிந்த பிறகுதான் அவர் பேச்சு எனக்குக் காதில் விழுந்தது.

*

தமிழ் சினிமாவில் கிறிஸ்தவர்களைத் தேடினால் முதலில் கிடைப்பது மெழுகுவர்த்தி. அடுத்து வெள்ளை அங்கி போட்ட ஃபாதர். இவருக்கு ராத்திரி பகல் கிடையாது, கதாநாயகன் எந்நேரம் ஓடிவந்தாலும் கோயில் கதவு திறந்திருக்கும், இவரும் முழு உடுப்பில் நிற்பார். கோயிலில் வேறு ஒரு ஆளும் இருக்காது. ‘அன்னை வேளாங்கண்ணி’ (1971), ‘ஞான ஒளி’ (1972) காலத்திலிருந்து இந்தக் கோயில் இருக்கிறது. ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) வந்தபோது சிலுவையும் பூணூலும் ஒரே வீச்சில் எறியப்பட்டன. ‘மின்சாரக் கனவு’ (1997) கன்னியாஸ்திரி ஆக ஆசைப்படுகிறவளைக் காட்டி, கடைசியில் வேறொருவரைப் பாதிரியார் ஆக்கியது. ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ (2010) ஜெஸ்ஸி மலையாளக் கிறிஸ்தவள். ‘கடல்’ (2013) ஒன்றுதான் மீனவ ஊருக்குள் போய் உப்புக்காற்றில் நின்று ஒரு பாதிரியாரைப் பார்த்த படம். படமாக அது எனக்கு முழுசாகத் தேறவில்லை. ஆனால் யாருக்கும் வேண்டாத ஊரில் பாழடைந்த கோயிலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருப்பது நான் அறிந்த விஷயம்.

சி.எஸ்.ஐ.காரர்கள் திரையில் ஏன் இல்லை என்று எங்கள் வீட்டில் அடிக்கடி பேச்சு வரும். பாவசங்கீர்த்தனக் கூண்டு இல்லாததால் ரகசியம் உடைக்க வழியில்லை என்பது ஒரு காரணம். எங்கள் ஐயருக்கு, அதாவது சேகர குருவுக்கு, மனைவி உண்டு, பிளஸ் டூ படிக்கிற மகள் உண்டு, மாறுதல் உத்தரவு பயம் உண்டு, சேகர கமிட்டியில் எதிர்க்கட்சி உண்டு. திருமண்டலத் தேர்தல் நேரத்தில் ஊரில் நடப்பதை அப்படியே எடுத்தால் மூன்று மணி நேரப் படம், இடைவேளை தேவைப்படாது. சட்டமன்றத் தேர்தலில் நிற்கிறவர்களே எங்களிடம் பாடம் படிக்கலாம்.

அப்புறம் சாப்பாடு. சினிமா கிறிஸ்துமஸ் என்றால் பிளம் கேக், கண்ணாடிக் கோப்பையில் ஒயின். விடியற்காலை நாலு மணி ஆராதனை முடிந்து பனியில் நடந்து வந்து, தோசையும் கறிக்குழம்பும் சாப்பிடுகிற வீட்டை ஒரு இயக்குநரும் பார்க்கவில்லை. குமரிப் பக்கம் போனால் முந்திரிக்கொத்து. பெயரில்தான் முந்திரி, உள்ளே இருப்பது சிறுபயறும் வெல்லமும். முற்றின பாகில் உருட்டியிருந்தால் பல்லுக்கு நல்லதில்லை.

*

சின்ன வயதில் சினிமாப் பாட்டை முணுமுணுத்தால் ‘உலகப் பாட்டு’ என்று அதட்டு விழும். அதட்டிய அதே பெரியவர்கள்தான் ஆர்மோனியம் கற்றுத் தந்தார்கள். காசில்லாத பையனுக்கு ஒரு கீபோர்டு கையில் கிடைக்கிற முதல் இடம் பல ஊர்களில் கோயில் பாடகர் குழுதான். சனிக்கிழமை சாயங்காலப் பயிற்சியில் டோனிக் சால்ஃபா பார்த்து நாலு குரலில் பாடக் கற்றவன், திங்கட்கிழமை கல்யாண மேடையில் உலகப் பாட்டு வாசித்து வீட்டுக்கு அரிசி வாங்குகிறான். அவன் கை ஒன்றுதான். ஞாயிறு வாசித்தது காணிக்கை, திங்கள் வாசித்தது பாவம் என்று பிரிப்பதற்கு எனக்கு மனசு வரவில்லை.

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி எழுதியவர். குறவஞ்சி அன்றைக்கு அரண்மனையிலும் கோயில் முற்றத்திலும் ஆடிய வெகுஜனக் கலை; இன்றைய சினிமாப் பாட்டு மெட்டில் கிறிஸ்து பிறப்பைப் பாடுகிற துணிச்சல்தான் அது. இப்போது அவர் பாடல்களை ‘பாரம்பரியம்’ என்று சொல்லிக் கண்ணை மூடிக் கேட்கிறோம். அதே சாஸ்திரியார், சாதி வேறுபாட்டை விட்டுவிடச் சொன்ன மிஷனெரிகளை எதிர்த்து எழுதவும் செய்தார். இதையும் பக்கத்தில் எழுதி வைக்காமல் அவரைக் கொண்டாட முடியாது.

எனக்கு அவரைவிட ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) நெருக்கம். பள்ளி ஆசிரியர், பிறகு சித்த வைத்தியர். தஞ்சாவூரில் மருந்து விற்ற பணத்தை எடுத்து இசை மாநாடுகள் நடத்தினார், முதலாவது 1912-இல். சுருதிக் கணக்கு போட்டுப் போட்டு 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்று ஒரு மலையளவு புத்தகம் வெளியிட்டார். நடுவில் தோட்டம், பயிர் ஆராய்ச்சி. இதில் எது ஊழியம், எது பிழைப்பு என்று அவரைக் கேட்டிருந்தால் ஒரு மாத்திரையைக் கொடுத்து அனுப்பியிருப்பார்.

*

வருடப்பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். தட்டில் கவிழ்த்து வைத்திருப்பதில் ஒன்றை எடுத்துத் திருப்பினால் இந்த வருடத்துக்கான வசனம். ஆசீர்வாதம், பெருக்கம், விடுதலை, வழிநடத்துதல். சிவகாசியில் அச்சடித்த தினசரி காலண்டரிலும் இப்படித்தான், 365 தாளும் தேன். (அதே அச்சகத்தில் அதே வாரம் முருகனும் வேளாங்கண்ணி மாதாவும் மெக்காவும் ஓடும். ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் போட்டாக வேண்டும்.)

இத்தனை வருடத்தில் ஆமோஸ் எட்டாம் அதிகாரத்தை எடுத்தவர் ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறந்து மரக்காலைக் குறுக்கி, படிக்கல்லைப் பெரிதாக்கி, பதரையும் சேர்த்து விற்கலாம் என்று காத்திருக்கிறவர்களைப் பற்றிய பகுதி அது. ஆமோஸ் ஆடு மேய்த்தவர், காட்டத்திப் பழம் பார்த்தவர். சந்தைக்குச் சரக்கு கொண்டுபோய் எடையில் ஏமாந்த அனுபவம் இல்லாமல் இவ்வளவு துல்லியமாகத் திட்ட வராது. இந்த வசனத்தைத் தராசு முத்திரை போட வருகிற தொழிலாளர் துறைக்காரர்களுக்கு அட்டையாக அடித்துக் கொடுக்கலாம்.

*

நாகர்கோவிலில் 1820-ஐ ஒட்டி, லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டு மாதிரி ஒரு தலையணை, அதன் மேல் துளையிட்ட மாதிரித் தாள், துளைக்குத் துளை குண்டூசி, நூல் சுற்றிய சின்ன மரக்குச்சிகள். குச்சிகளை இடமும் வலமும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரு சாண் முடிக்க நாள் போய்விடும். ஐரோப்பியச் சீமாட்டிகள் கழுத்துப் பட்டைக்கும் கைமுனைக்கும் வாங்கினார்கள்.

திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை இருந்தது, 1855-இல்தான் ஒழிந்தது. லேஸ் விற்ற காசைச் சேர்த்து, தங்கள் விலையைத் தாங்களே கட்டி விடுதலையான பெண்கள் இருந்தார்கள். மீட்பு என்று நாம் ஞாயிற்றுக்கிழமை சொல்லுகிறோம். அவர்களுக்கு அது ரசீதோடு வந்தது.

இதில் இன்னொரு உறுத்தல். அதே ஊரில், அதே காலத்தில், சாணார்ப் பெண்கள் தோளில் சீலை போடக் கூடாது என்று அடித்தார்கள், கிழித்தார்கள். கலகம் மூண்டது, கோயில்களும் பள்ளிகளும் எரிந்தன, 1859-இல்தான் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. தன் மேல் ஒரு முழத் துணி போட உரிமையில்லாதவள் உட்கார்ந்து இன்னொருத்தியின் கழுத்துக்குப் பூ வேலை பின்னினாள். இன்று கோயில் சங்கத்துப் பெண்கள் கிறிஸ்துமஸுக்கு முன் விற்பனை வைக்கிறபோது லேஸ் மேசை விரிப்பைக் கையில் எடுத்துப் பார்க்கிறவர்கள் விலையைத்தான் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். அநியாயத்துக்குக் குறைவு.

*

யோவான் கடைசி அதிகாரத்தில் வலையில் விழுந்த மீன் 153. ஏன் 153 என்று உரைகாரர்கள் மண்டையை உடைத்திருக்கிறார்கள். ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டினால் 153 வரும் என்று கண்டுபிடித்தவர் புனித அகஸ்டீன். தூத்துக்குடி ஏலக் கூடத்தில் ஒரு காலை நின்றவருக்கு இவ்வளவு கஷ்டம் இருக்காது. பொடி மீன் கூடைக் கணக்கு. பெரிய மீனை எண்ணித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் பங்கு பிரிக்க வேண்டும். யோவானும் ‘பெரிய’ மீன்கள் என்றுதான் எழுதுகிறார், கூடவே வலை கிழியவில்லை என்கிறார். கரை ஏறியதும் மீனவன் பார்க்கிற இரண்டாவது விஷயம் அதுதான்.

படகில் ஏழு பேர். ஆளுக்கு 21 போக ஆறு மிஞ்சும். கரையில் உயிர்த்தெழுந்தவர் கரி அடுப்பு மூட்டி மீன் சுட்டுக்கொண்டிருக்கிறார், இருந்தாலும் நீங்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்கிறார். மிஞ்சிய ஆறும் அங்கேதான் போயிருக்கும். அகஸ்டீனின் கணக்கைவிட என் கணக்கு மோசமில்லை.

*

லெந்து காலத்தில் சீரியலை விட்டவர்கள் ஈஸ்டர் அன்று மத்தியானமே போனில் நாற்பது நாள் எபிசோடையும் பார்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள். கறியை விட்டவர்களும் அப்படித்தான், அவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

*

அறுப்பின் பண்டிகை ஏலம். ஆல்டருக்கு முன் வாழைத்தார், பூசணி, கட்டுக்கட்டாகக் கரும்பு, காலில் கயிறு கட்டிய சேவல். வயல் வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டதால் இப்போது பிஸ்கட் பாக்கெட், ஹார்லிக்ஸ் பாட்டில், பிளாஸ்டிக் குடம் எல்லாம் வருகிறது. போன தடவை ஒருவர் மிக்ஸி வைத்தார். ஏலம் விடுகிறவருக்குக் குரலும் வேண்டும், ஊரில் யாருக்கும் யாருக்கும் ஆகாது என்ற அறிவும் வேண்டும். ஆகாத இருவரையும் எதிரெதிரே இழுத்துவிட்டால் ஒரு தேங்காய் ஆயிரத்தைத் தொடும். வாங்கினவர் அதையே திரும்பக் காணிக்கையாக வைப்பார், மறுபடி ஏலம். ஒரு முட்டை இப்படியே சுற்றிச் சுற்றி வந்து கோயிலுக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்திருக்கிறது.

நான் கவனித்த வேறொன்று. கொண்டுவந்தவர் பெயரைச் சொல்லித்தான் ஏலம் விடுகிறார்கள். டாக்டரம்மா வீட்டு மாம்பழம் என்றதும் கைகள் உயரும். தெற்குத் தெரு அன்னம்மாள் பாட்டி வீட்டு முருங்கைக்கீரை ஒரு கட்டு என்று சொல்லும்போது, “ஒரு தரம், ரெண்டு தரம்” சீக்கிரம் முடிந்துவிடும், முப்பது ரூபாய். ஏழை விதவை இரண்டு காசு போட்ட கதையை அன்று காலைதான் வாசித்திருப்பார்கள். அந்தக் கதையிலும் போட்டவள் பெயர் இல்லை.

பெயரைச் சொல்லாமல் ஏலம் விட்டுப் பார்க்கலாமே என்று சேகர கமிட்டியில் சொன்னேன். வருமானம் அடிபடும் என்றார் பொருளாளர். ஐயர் சிரித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று மினிட்ஸில் எழுதியிருக்கிறது.